பால்கி வந்தபோது நான் மாடியில் நின்றேன்

அமிர்தசரஸில் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊர் திரும்புவதற்குள் மறந்திருப்பேன். நீலத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். வெளியூர்க்காரனுக்கு வணக்கம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நானும் மாடியிலிருந்தே கும்பிட்டேன். மறுபடி கும்பிட்டார். இந்த முறை கூப்பிய கையைத் தாழ்த்தி, "நீச்சே ஆ ஜாவோ ஜி" என்றார். எனக்கு முன்னால் என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, சாமி வருது. நாம மேல நிக்கிறோம்" என்றாள்.

சாமி என்று அவள் சொன்னது சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபை. அவர்கள் அந்தச் சொல்லை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது குரு. பத்தாவது குருவான கோவிந்த் சிங் 1708இல் நாந்தேடில், தமக்குப் பிறகு மனிதரில் குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அதை ஆளாகத்தான் நடத்துகிறார்கள். பக்கத்தைப் பக்கம் என்றுகூடச் சொல்வதில்லை, 'அங்' என்கிறார்கள். நம் அங்கம்தான். மொத்தம் 1430 அங்கங்கள். அதில் குருமார்களின் பாட்டோடு கபீர், ரவிதாஸ், ஷேக் ஃபரீத் பாட்டும் இருக்கிறது. நம் பஜனை மடங்களில் பாடுகிற பண்டரிபுரத்து நாமதேவரும் உள்ளே இருக்கிறார் என்பது அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் போனது ஆவணி மாதம். பொற்கோயிலைப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினோம். முதல் பிரகாஷ் நாள் அந்த வாரத்தில் வருகிறது என்பது விடுதிக்காரர் சொல்லித்தான் தெரியும். 1604இல் கிரந்தம் முதன்முதலாக ஹர்மந்திர் சாஹிபில், அதாவது பொற்கோயிலில், வைக்கப்பட்ட நாள் அது. ஐந்தாவது குருவான அர்ஜன் ராம்சர் குளக்கரையில் உட்கார்ந்து பாடல்களைத் தொகுத்துச் சொல்ல, பாய் குர்தாஸ் எழுதினார். எழுதி முடித்ததும் மூத்த சீக்கியரான பாபா புட்டா தலையில் சுமந்து வந்தார். அப்போது அவர் 90 வயதைத் தாண்டியவர். தொகுத்த குருவே பின்னால் நடந்து சௌரி, அதாவது சாமரம், வீசிக்கொண்டு வந்தார் என்பது மரபு. அன்றிரவு கிரந்தத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தாம் தரையில் படுத்தார் என்றும் சொல்கிறார்கள். தன் கையால் தொகுத்த நூலுக்குக் கீழே தான் படுப்பது! என்னால் அந்த இடத்தைத் தாண்டி வர முடியவில்லை. அதே ராம்சரிலிருந்து ஹர்மந்திர் சாஹிபுக்கு வருடா வருடம் நகர் கீர்த்தன் என்ற ஊர்வலம் போகிறது. அதைப் படம் எடுக்கத்தான் நான் மாடியேறி இடம் பிடித்திருந்தேன்.

ஓடி இறங்கினோம். கீழே வந்ததும் அடுத்த தப்பு, காலில் செருப்பு. யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு இளைஞன் தன் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் தள்ளுவதைப் பார்த்து நானும் கழற்றினேன். விடுதி வாசலில் வாங்கிய காவித் துணியை மனைவி என் தலையில் முடிந்துவிட்டாள். தார் ரோடு சுடும் என்று கால் கூசியது. சுடவில்லை. சற்று முன்புதான் கழுவியிருந்தார்கள்.

அந்தக் கழுவலைச் சொல்ல வேண்டும். ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் வந்தது. சிலர் கையில் துடைப்பம், சிலர் கையில் வாளி. சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை. நல்ல உடுப்பு உடுத்திய பெண்கள், கையில் கடிகாரம் கட்டிய ஆண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் பெருக்குவார், அடுத்தவர் தண்ணீர் தெளிப்பார், பின்னால் வருகிறவர் அந்த ஈரத்தில் பூவிதழ் தூவுவார். ஒரு அம்மாள் பெருக்கி முடித்த இடத்திலேயே குனிந்து ஒரு காகிதக் கப்பைப் பொறுக்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டார். குப்பைத் தொட்டி பத்தடியில்தான் இருந்தது. அதுவரை போய்வர நேரமில்லை, ஊர்வலத்துக்கு முன்னே நடக்கும் பஞ்ச் பியாரே என்ற ஐவர் திருப்பத்தில் வந்துவிட்டார்கள்.

ஐந்து பேர், வெறுங்கால், உருவிய வாள், நேர்ப் பார்வை. அவர்களுக்குப் பின்னால் கிரந்தம் எழுந்தருளும் பல்லக்கு, பால்கி. அதுவரை தெரு சந்தைக்கடை போல இருந்தது. ஒரு பக்கம் கத்கா சிலம்பம், ஒரு பக்கம் பள்ளிக்கூட பேண்டு, கடைக்குக் கடை இலவசப் பாயசம், ரோஸ்மில்க். எங்கள் எதிரே ஒருவர் பெரிய அகப்பையால் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நீட்டிய கைகள் இருபது இருக்கும். பால்கி தலை தெரிந்ததும் அகப்பையைப் பாத்திரத்தில் வைத்து மூடினார், கையைத் துணியில் துடைத்தார், கூப்பினார். நீட்டியிருந்த இருபது கையும் கூப்பியது. பால்கி தாண்டிப் போனது. கையெடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு மூடியைத் திறந்தார். விட்ட இடத்திலிருந்து பாயசம் தொடர்ந்தது.

உள்ளே நான் கண்டது கொஞ்சம்தான். மேலே விதானம், கிரந்தத்தைப் போர்த்தும் பட்டு ருமாலா, அதற்கும் மேலே பூ. பின்னால் உட்கார்ந்தவரின் கையில் வெள்ளைச் சௌரி ஏறி இறங்கியது. நம் பக்கம் உற்சவர் வீதியுலா பார்த்தவனுக்கு எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். தஞ்சாவூர் சதய விழாவில் திருமுறைகளை யானை மேல் வைத்து வருவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பெருமாளும் அம்பாளும் வரும்போது மாடியில் நின்று தட்டில் கற்பூரம் காட்டுகிறவர்கள்தானே நாம்? இங்கே முதல் கணக்கே உயரம்தான். குரு உட்காரும் இடத்துக்கு மேலே யார் தலையும் கூடாது.

அன்று சாயங்காலம் அந்த நீலத் தலைப்பாகைக்காரரை லங்கரில், எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு போடும் சமையல்கூடத்தில், பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். என் அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டதற்கு, "தெரியாமல் நின்றீர்கள், தெரிந்ததும் இறங்கினீர்கள். அவ்வளவுதான் பேட்டா" என்றார். அறுபத்தோரு வயதில் பேட்டா என்று கூப்பிட ஆள் கிடைத்ததே என்று இருந்தது. அவருக்கு என் மேல் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் சொந்த ஜனத்தின் மேல். கிரந்தம் முன்னால் போக, பின்னால் ஸ்பீக்கரை அலறவிட்டு வரும் டிராக்டர்கள், பால்கிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கும் பிள்ளைகள், கல்யாணத்துக்கென்று கடற்கரை ரிசார்ட்டுக்கும் ஓட்டலுக்கும் குருவைக் கொண்டுபோகும் பணக்காரர்கள். அப்படிக் கொண்டுபோகக் கூடாது என்று சீக்கியர்களின் உயர்ந்த அதிகாரபீடமான அகால் தக்த் ஆணை போட்டிருக்கிறது. "மது ஓடும் இடத்துக்கு உங்கள் அப்பாவைக் கூட்டிப் போவீர்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

2015இல் பர்காரி கிராமத்தில் கிரந்தத்தின் கிழிந்த அங்கங்கள் தெருவில் கிடந்ததைப் பற்றி நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பால்கியைச் சுற்றிச் சேவாதார்கள் என்ற தொண்டர்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக, கண்ணைச் சிமிட்டாமல் நடந்தார்கள் என்று அப்போது விளங்கியது.

நம் ஊரில் கோயில் நிலம் சுவாமி பெயரில் இருக்கும், வழக்கென்றால் சுவாமியே கட்சிக்காரர். குருத்வாராவில் எழுந்தருளச் செய்த குரு கிரந்த சாஹிபும் அப்படிச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்தான் என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பெரியவரிடம் சொன்னேன். கோர்ட்டுக்கு இப்போதாவது தெரிந்ததே என்பதுபோல் சிரித்தார்.

இரவு பத்து மணிக்கு மேல் சுகாசன். ஹர்மந்திர் சாஹிபிலிருந்து கிரந்தம் அகால் தக்துக்கு உறங்கப் போகிறது. நரசிங்கா என்ற கொம்பை ஊதினார்கள். பாலத்தில் பால்கிக்குத் தோள் கொடுக்க அப்படியொரு முண்டியடிப்பு. எனக்கும் நாலடி தூரத்துக்கு ஒரு கை கிடைத்தது. கனம் தெரியவில்லை, வியர்வையும் பன்னீரும் கலந்த வாசனைதான் நினைவிருக்கிறது. வாசலில் ஒருவர் கிரந்தத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். பாபா புட்டா சுமந்த அதே மாதிரி.

ஊர்வலத்தில் ஒரு பையன் என் மனைவி கையில் சின்னக் காகிதக் கொடி ஒன்றைத் திணித்துவிட்டுப் போயிருந்தான். அதில் பஞ்சாபியின் குர்முகி எழுத்தில் ஏதோ ஒரு வரி. இந்த மாதிரிக் கொடிகள் கூட்டம் கலைந்த பிறகு காலடியில் கிடந்ததை நானே பார்த்தேன். ஒரு சிறுமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி நெற்றியில் ஒற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அச்சடித்துக் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். நம் வீட்டுச் சாமி காலண்டர்கள் மட்டும் டிசம்பருக்குப் பிறகு எங்கே போகின்றன என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை. பழுதான கிரந்தப் பிரதிகளைக் கோயிந்துவாலுக்குக் கொண்டுபோய் முறைப்படி தகனம் செய்கிறார்கள் என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

திரும்பும் ரயிலில் பெட்டியை வழக்கம்போல் சீட்டுக்கடியில், செருப்புக்குப் பக்கத்தில் தள்ளினேன். வண்டி ஜலந்தர் தாண்டியிருக்கும், மனைவி குனிந்து பெட்டியை வெளியே இழுத்தாள். புடவை மடிப்புக்குள்ளிருந்து கொடியை எடுத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி, என்னிடம் நீட்டினாள்.

"மேல் பர்த்துல தலைமாட்டுப் பக்கம் வைங்க. நீங்க கீழேயே படுத்துக்கலாம்."