தம்பிய பத்தி கேக்குற ஒரு ஆள தேடி

எங்க வடசென்னை ஏரியால சாவு விழுந்தா யாரையும் தனியா அழ விடமாட்டாங்க. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு, எங்க பாத்தாலும் சாமியானா போட்டதுமே தெருவே வந்து உக்காந்துரும், எதிர்வீட்டுல டீ போட்டு கேன்ல கொண்டாந்து குடுப்பாங்க, ராத்திரி முழுக்க மரண கானா ஓடும், போனவன் பேரு, அவன் ஃப்ரெண்டுங்க பேரு, வேலை பாத்த எடம் எல்லாத்தையும் பாட்டுல கோத்து பாடுவாங்க. எந்தம்பி சின்னாவுக்கும் அப்படித்தான் நடந்துச்சு. 29 வயசு, ராத்திரி சாப்ட்டு படுத்தவன் காலையில எந்திரிக்கல, ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க. கானா பாடுன அண்ணன் அவன் கேரம் ஆடுறத பத்தி ரெண்டு வரி கட்டி பாடுனப்போ கிளப் பசங்கள்லாம் வாய்விட்டு அழுதாங்க. மூலகொத்தளம் சுடுகாட்டுக்கு போய்ட்டு வந்தோம், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது, வந்த சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாங்க. அதுலேர்ந்து வீட்டுல அவன் பேர யாருமே எடுக்கல.

அம்மா முன்னாடி எடுத்தா அம்மா அழுவாங்கன்னு நான் பேசல, நான் அழுவேன்னு அம்மா பேசல. வர்றவங்க எல்லாரும் எங்கிட்ட சொன்னது ஒண்ணேதான், "அம்மாவ நல்லா பாத்துக்கோடி, நீதான் தைரியமா இருக்கணும்". சொல்றவங்க பாசத்துலதான் சொல்றாங்க, அதுல ஒண்ணும் தப்பு இல்ல. ஆனா கூடப்பொறந்தவளுக்கும் ஒருத்தன் போயிருக்கான்ல. புள்ளைய பறிகுடுத்த தாய்னு அம்மாவ சுத்தி பத்து பேர் இருப்பாங்க, அக்காக்காரி காபி தம்ளர் கழுவிகினு இருப்பா.

பாரிமுனைல சிஎச்ஏ ஆபீஸ்ல, அதாவது சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலைய முடிச்சு குடுக்கற ஏஜென்ட் ஆபீஸ்ல, வேலை எனக்கு. கன்டெய்னர் நம்பர் பாத்து டைப் பண்றது, பில் ஆஃப் என்ட்ரின்னு இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற தாள சரி பாக்கறது, கண்ண மூடிகினு பண்ணுவேன் ஒரு காலத்துல, இப்போ ஒரே நம்பர திரும்ப திரும்ப படிச்சாலும் மண்டைக்குள்ள ஏறல. மண்ணடில மெட்ரோ ஏறுனா தண்டையார்பேட்டைல எறங்கணும், எறங்காம விம்கோ நகர் வரைக்கும் போய்ட்டு, அங்க வண்டி காலியானப்புறம்தான் எங்க இருக்கோம்னே தெரிஞ்சுது. அன்னைக்குதான் யார்கிட்டயாச்சும் போய் பேசணும்னு முடிவு பண்ணேன்.

பெரியம்மா திருவொற்றியூர் போய் வடிவுடையம்மன பாத்துட்டு வான்னாங்க. போனேன், மனசுக்கு நல்லா இருந்துச்சு, இன்னும் போறேன். ஆனா எனக்கு திரும்பி கேள்வி கேக்குற ஒரு ஆள் வேணும்னு தோணுச்சு. இத வீட்டுல சொன்னதும் அத்தை "இன்னா, கீழ்ப்பாக்கமா?"ன்னு நெஞ்சுல கைய வெச்சாங்க. கீழ்ப்பாக்கம்னா அங்க இருக்கற கவர்மென்ட் மனநல ஆஸ்பத்திரி, அது 1794லேர்ந்து இருக்கு, எத்தனையோ குடும்பத்துக்கு தொணையா நின்ன எடம், ஆனா நம்ம ஊர்ல அந்த ஏரியா பேரே பல தலைமுறையா ஒரு திட்டு. நான் பேச ஆள் தேடுறதுக்கும் அத்தை பயப்படுறதுக்கும் சம்பந்தமே இல்லன்னு புரிய வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு.

ஆன்லைன்ல தேடுனா அண்ணாநகர், நுங்கம்பாக்கம், அடையாறு, ஓஎம்ஆர்னுதான் வரிசையா வருது. நம்ம பக்கம் போர்டு தேடி கண்டுபுடிக்கணும். கண்டுபுடிச்சு மொதல்ல போன எடம் ஒரு கவுன்சிலர், பேர் சொல்ல விரும்பல. பாதிக்கு மேல இங்கிலீஷ்லயே கேட்டாங்க, நானும் யோசிச்சு யோசிச்சு இங்கிலீஷ்லயே பதில் சொன்னேன், அழுகை வர்றப்போ எனக்கு இங்கிலீஷ் வரமாட்டேங்குது. அப்புறம் ஒரு தாள எடுத்து நீட்டுனாங்க, அஞ்சு ஸ்டேஜ் போட்டிருந்துச்சு, மறுப்பு, கோவம், பேரம், டிப்ரஷன், ஏத்துக்கறது. "நீங்க இப்போ நாலாவதுல இருக்கீங்க, அஞ்சாவது வந்துரும், தம்பிய விட்டு வெளிய வாங்க"ன்னாங்க. கெளம்புற வரைக்கும் அவன் பேரு என்னன்னு கேக்கவே இல்ல.

அந்த அஞ்சு ஸ்டேஜ் பத்தி அப்புறம் தேடி படிச்சேன். எலிசபெத் குப்ளர் ராஸ்னு ஒரு டாக்டர் 1969ல எழுதுனது, அவங்க பேசுனது சாகப்போற நோயாளிங்ககிட்ட, தனக்கு சாவு வருதுன்னு தெரிஞ்சவங்க மனசுல என்ன ஓடுதுன்னு பாத்து எழுதுனது. பின்னாடிதான் அத இழந்துட்டு நிக்கறவங்களுக்கும் சேத்து சொல்ல ஆரம்பிச்சாங்க. எல்லாரும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா போவாங்கன்னு ஒண்ணும் கெடையாது. காலையில கோவம், மத்தியானம் ஆபீஸ்ல சிரிப்பு, சாயங்காலம் அவன் சட்டைய பாத்து அழுகைன்னு ஒரே நாள்ல எல்லாம் வரும், எனக்கு அப்படித்தான் வந்துச்சு. தன் துக்கம் அந்த தாள்ல இருக்கற மாதிரி போகலன்னு யாராச்சும் பயந்துகினு இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு பயப்படாதீங்க.

தேடுறப்போதான் யார் யாருன்னே எனக்கு வெளங்குச்சு. சைக்காட்ரிஸ்ட்னா எம்பிபிஎஸ் முடிச்சு மனநலம் படிச்ச டாக்டர், மாத்திரை எழுதுவாங்க, ராத்திரி தூக்கமே இல்ல, சோறு எறங்கல, செத்துரலாம்னு தோணுதுன்னா மொதல்ல அவங்கதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டாங்க, உக்காந்து பேசி தெரபி குடுப்பாங்க, அவங்க ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ணியிருக்கணும், நம்பர் இருக்கும், கேட்டா சொல்லணும். கவுன்சிலர்ல நல்லா படிச்சு அனுபவத்தோட இருக்கறவங்களும் நெறைய பேர் இருக்காங்க, சும்மா ஏதோ ஒரு சின்ன கோர்ஸ் முடிச்சுட்டு போர்டு மாட்டுனவங்களும் இருக்காங்க, அதனால என்ன படிச்சீங்கன்னு கேக்கறதுல வெக்கமே படாதீங்க. தாலி வாங்கறப்போ ஹால்மார்க் பாக்கறோம்ல.

ரெண்டாவது தடவ நேரா போகாம போன்லயே கேட்டேன். சாவு, துக்கம்னு வர்றவங்கள பாத்திருக்கீங்களா, முழுசா தமிழ்லயே பேசலாமா, ஒரு செஷனுக்கு எவ்ளோ, ஆபீஸ் முடிஞ்சு ஏழு மணிக்கு வரலாமா. இதுக்கு ஒழுங்கா பதில் சொல்றவங்க கொஞ்ச பேர்தான். பெரம்பூர் பக்கம் ஒரு மேடம் கெடச்சாங்க, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மொத நாள் போய் உக்காந்ததும் நான் தூக்கம் வரலன்னு ஆரம்பிச்சேன், அவங்க எழுதிகிட்டாங்க, அப்புறம் பேனாவ வெச்சுட்டு "தம்பி பேரு என்னம்மா? எப்படி இருப்பாரு?"ன்னாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சின்னான்னு சொன்னேன், நெஜப்பேரும் சொன்னேன், அவன் ஸ்ட்ரைக்கர சட்டப்பையில போட்டுகினே சுத்துவான், வாஷிங் மெஷின்ல அது டகடகன்னு சுத்தி அம்மா திட்டுவாங்க, ஞாயித்துக்கிழமை விடிகாலைல காசிமேடு போய் ஏலத்துல சங்கரா எடுத்துட்டு வந்து வெல சொல்லி பெரும பேசுவான், எல்லாம் சொன்னேன். டைம் முடிஞ்சுது. நான் யார்னு அன்னைக்கு அதிகமா பேசவே இல்ல, அவன பத்தித்தான் பேசுனோம், வீட்டுக்கு வந்து நல்லா தூங்குனேன்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அவ்ளோ சுகமா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு காலைல அவன எழுப்ப போனத முழுசா சொல்ல சொன்னாங்க, கண்ண மூடிகினு, நான் எங்க நின்னேன், கதவு எப்படி இருந்துச்சு, ஃபேன் ஓடுச்சா. ரொம்ப கஷ்டம். ஆனா தனியா இருக்கறப்போ நடுராத்திரில அதுவா வந்து என்ன அமுக்குனதுக்கும், பக்கத்துல ஒருத்தர் இருக்கறப்போ நானா எடுத்து சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

இன்னொன்னு மீன். அவன் போனதுலேர்ந்து எங்க வீட்டுல மீனே வாங்கல, காசிமேடு பக்கமே நான் போகல, பஸ்ல கூட சுத்தித்தான் போவேன். துக்கத்துல இப்படி ஒதுக்கி வெக்கறது நடக்கும், ஆனா ஒதுக்கி ஒதுக்கி நாம இருக்கற எடமே சின்னதாயிரும்னு மேடம் சொன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா போலாம்னு பேசுனோம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போகாது, எல்லாம் கரைல கட்டி கெடக்கும், சின்ன ஃபைபர் படகுல புடிக்கற மீன் மட்டும்தான், கூட்டமும் கம்மி. அந்த நேரமா பாத்து மொதல்ல சும்மா நடந்துட்டு வந்தேன், ஒண்ணும் வாங்கல. தடை முடிஞ்சப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை போய் சங்கரா வாங்குனேன், அவன் குடுக்கற வெலைக்கு மேலதான் குடுத்திருப்பேன், மீன்கார அக்கா என்ன அடையாளம் கண்டுகினு "சின்னா அக்கா தானே நீ"ன்னு கைய புடிச்சுகிட்டாங்க.

அன்னைக்கு கொழம்பு வெக்கறப்போ அம்மாகிட்ட "சின்னாவுக்கு புளி தூக்கலா இருக்கணும்ல"ன்னு சொல்லி பாத்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் அவன் மூணாங்கிளாஸ்ல டிபன் பாக்ஸ தொலச்சுட்டு வந்த கதைய ஆரம்பிச்சாங்க, அழுதாங்கதான், சிரிச்சாங்களும். அம்மா தெரபிக்கு வர மாட்டேன்னுட்டாங்க, "எம் புள்ளைய பத்தி வெளி ஆள்கிட்ட இன்னா பேசறது"ன்னாங்க, நான் கட்டாயப்படுத்தல. எங்கிட்ட பேசறாங்க, இப்போதைக்கு அது போதும்.

எவ்ளோ நாள் அழுதா சரி, எப்போ டாக்டர பாக்கணும்னு கேக்கறவங்களுக்கு. துக்கப்படற எல்லாருக்கும் தெரபி வேணும்னு கெடையாது, நெறைய பேர் சொந்தக்காரங்க, ஃப்ரெண்டுங்க தொணையிலயே மெல்ல மீண்டு வந்துருவாங்க. ரொம்ப நாளாகியும் அதே தீவிரத்தோட இருந்து அன்றாட வேலையே நடக்கலன்னா அதுக்கு நீடித்த துக்கம்னு தனியா ஒரு பேர் வெச்சிருக்காங்க, அமெரிக்க மனநல டாக்டருங்க 2022ல அவங்க மனநோய் பட்டியல்ல சேத்தாங்க, பெரியவங்களுக்கு 12 மாசம்னு கணக்கு, உலக சுகாதார நிறுவனம் 6 மாசம்னு சொல்லுது. அதுக்காக அதுவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல, நான் காத்திருக்கல.

காசு ஒரு பெரிய விஷயம். நான் ஒரு செஷனுக்கு 1200 ரூபா குடுக்கறேன், எல்லாராலயும் முடியாது, எனக்கே மாசக்கடைசில இழுக்கும், அதனால இப்போ மாசத்துக்கு ரெண்டு தடவ மட்டும்தான், மேடம்கிட்ட நேரா சொன்னேன், ஒத்துகிட்டாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல பிரிவு இருக்கு, கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான், நம்ம பக்கத்துலயே இருக்கு. சொந்தக்காரங்களுக்கு தெரிஞ்சுருமோன்னு பயப்படறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், 2017 மனநல பாதுகாப்பு சட்டத்துலயே உங்க விஷயத்த ரகசியமா வெச்சுக்கணும்னு இருக்கு. போக முடியாதவங்க, நடுராத்திரில தாங்க முடியாதவங்க 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மென்ட் நடத்துற மனநல உதவி லைன், 24 மணி நேரமும் இருக்கும், காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். செத்துரலாம்னு நெனப்பு வந்தா சென்னைலயே 1986லேர்ந்து சிநேகான்னு தற்கொலை தடுப்பு அமைப்பு இருக்கு, 044 24640050. எடுக்கறவங்ககிட்ட போனவங்க பேர சொல்லியே ஆரம்பிங்க.