ஓடுகிற மெஷினில் இருந்து எடுத்த ஹெட்

"ஓடுற சாமானைக் கழட்டி ஓடாத சாமானுக்குப் போடுறீங்க. இதுக்குப் பேரு திருத்துறதா தம்பி?"

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் இருக்கும் ஐயா கோபத்தில் கேட்கவில்லை. விலை பேசி முடிந்து, நான் புரொஜெக்டரைத் தூக்கக் குனிந்தபோது, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். "ஹெட்டை மட்டும்தான் எடுப்பேன் ஐயா, மற்றதெல்லாம் அப்படியே திரும்பி வரும்" என்றேன். சொன்னபடியே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

ஹெட் என்றால் பிலிமின் காந்தப் பட்டையில் இருந்து சத்தத்தை எடுக்கும் பாகம். அது போனது நான் திருத்திக்கொண்டிருந்த ஒரு ஸ்கோப்பிட்டோனுக்கு. பிரான்சில் கமெக்கா கம்பெனி 1960இல் கொண்டுவந்த பாட்டுப் பெட்டி. காசைப் போட்டுப் பட்டனை அழுத்தினால், உள்ளே இருக்கும் 36 படச்சுருள்களில் நாம் கேட்டது மட்டும் வந்து ஓடும். பாட்டு முடிந்ததும் தானே பின்னால் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விடும். 1940களில் அமெரிக்காவில் இருந்த பனோரம் பெட்டியில் இந்த வசதி கிடையாது. எட்டுப் பாட்டும் ஒரே வளையமாகச் சுற்றும், எது வருகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்கோப்பிட்டோனில் ஓடுவது 16 மில்லிமீட்டர் கலர் பிலிம். சத்தம் அதன் ஓரத்தில் பூசிய காந்தப் பட்டையில் இருக்கிறது. பாரிஸ் கபேக்களில் அல்ஜீரியத் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பாட்டைப் பார்த்ததும் இந்தப் பெட்டியில்தான். பிறகு நம் ஆட்கள் போய்ச் சேர்ந்த அதே பாரிஸ். இலங்கைக்குத் தொலைக்காட்சியே 1979இல்தான் வந்தது என்று நினைத்துப் பார்க்கும்போது, இப்படி ஒரு பெட்டி கொழும்பில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் கிடந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

மற்றக் குறைகள் பெரிய விஷயமில்லை. இறுகிப்போன ரப்பர் சக்கரங்களையும் தேய்ந்த ஒரு பல்சக்கரத்தையும் பஞ்சிகாவத்தை லேத் பாஸ் அளவெடுத்துப் புதிதாகவே செய்து தந்தார். சத்தம் எடுக்கும் ஹெட்தான் இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டை, நுனியில் ஈயம் காய்ந்த மெல்லிய வயர்கள். வயரை வெட்டி இழுக்கவில்லை, ஈயத்தை உருக்கிப் பக்குவமாகக் கழற்றியிருந்தார்கள். வேலை தெரிந்த கை. அவரும் எங்கோ ஒரு மெஷினை எழுப்பத்தான் இதிலிருந்து எடுத்திருப்பார் என்று தோன்றியது. அன்று அது மனதில் பதியவில்லை. ஐயாவின் கேள்விக்குப் பிறகுதான் அந்த ஈய முனைகள் அடிக்கடி ஞாபகம் வருகின்றன.

பெட்டிக்காரர், அதாவது ஸ்கோப்பிட்டோனின் சொந்தக்காரர், ஆரம்பத்திலேயே சுலபமான வழி சொன்னார். "உள்ளுக்குள்ள ஒரு எல்.இ.டி. ஸ்கிரீனை வையுங்க, பாட்டெல்லாத்தையும் பென்டிரைவ்ல போடுங்க. பார்க்கிற ஆளுக்கு என்ன தெரியப்போகுது?" நான் மாட்டேன் என்றேன். பிலிம் ஓடி, அதன் ஓரத்தில் இருந்தே சத்தம் வந்தால்தான் இது ஸ்கோப்பிட்டோன், இல்லாவிட்டால் நல்ல மரத்தில் செய்த டிவி பெட்டி என்று நீளமாகக் கதைத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். இன்று வரை அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஹெட்டைத் தேடித்தான் ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். ஐயா ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக வேனில் போய்ச் சுகாதாரப் படங்கள் காட்டியவர். அவரிடம் இருந்த 16 மில்லிமீட்டர் புரொஜெக்டர், ஒளிப்பட்டைச் சத்தம் (பிலிம் ஓரத்தில் படம் போலவே அச்சாகி, வெளிச்சத்தால் வாசிப்பது), காந்தப்பட்டைச் சத்தம் இரண்டையும் வாசிக்கும் வகை. காந்தப் பட்டையில் பதிவும் செய்யலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் ஒரு இங்கிலீஷ் படம் வைத்திருந்தார். அதன் ஓரத்தில் பட்டை பூசி, அவருடைய அண்ணன் மைக்கில் தமிழில் விளக்கம் பேசிப் பதிந்திருக்கிறார். எனக்காக ஓட்டிக் காட்டினார். கணீரென்ற குரல். நடுவில் ஒரு இருமல் வரும், அதையும் அழிக்காமல் விட்டிருந்தார்கள். அண்ணன் இப்போது இல்லை.

ஹெட்டை எடுத்தால் புரொஜெக்டர் ஓடும், ஒளிப்பட்டைப் படங்கள் பேசும். இந்த ஒரு ரீல்தான் ஊமையாகும். அதையும் மறைக்காமல் சொன்னேன். எடுப்பதற்கு முன் அண்ணனின் குரலை அங்கேயே, அவர் முன்னாலேயே, கம்ப்யூட்டரில் பதிந்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

பென்டிரைவ். பெட்டிக்காரருக்கு நான் மாட்டேன் என்ற அதே சாமான்.

இதற்கு என்னிடம் நியாயம் இல்லாமல் இல்லை. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் மெதுவாகச் சிதைந்து வினாகிரி மணக்கத் தொடங்கும். காந்தப் பட்டையில் இருக்கும் இரும்பு ஆக்சைடு அதை இன்னும் வேகப்படுத்தும். கொழும்பு மாதிரி ஊரில் அந்த ரீலை எத்தனை காலம் காப்பாற்ற முடியும்? நான் பதிந்து வைத்ததால் குரலாவது மிஞ்சும். அந்த வகைப் புரொஜெக்டர்கள் வெளிநாடுகளில் இன்னும் விலைக்குக் கிடைக்கின்றன, ஸ்கோப்பிட்டோன் அப்படியில்லை. அரிய சாமானைக் காப்பாற்றச் சாதாரணச் சாமானில் இருந்து எடுப்பதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

ஆனால் அந்த நியாயத்தைத் திருப்பிப் போட்டாலும் நிற்கிறது. ஸ்கோப்பிட்டோனின் பிலிம்களிலும் சிலது ஏற்கெனவே வினாகிரி மணக்கிறது, சிலது நிறம் போய்ச் சிவந்துவிட்டது. அவையும் போகத்தான் போகின்றன. அரியது என்பதை எங்கே நின்று எண்ணுவது? உலகத்தை எடுத்தால் பெட்டிதான் அரியது. கொழும்பை எடுத்தால், காந்தப்பட்டையை வாசித்துக்கொண்டிருந்த மெஷின் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தோட்டத்து மக்களிடம் தமிழில் பேசிய ரீல் என்று பார்த்தால், உலகத்திலேயே அது ஒன்றுதான்.

ஹெட்டைப் பொருத்திய வேலையில் எனக்குப் பெருமை உண்டு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன். 16 மில்லிமீட்டர் காந்தப் பட்டையில் சத்தம் படத்துக்கு 28 பிரேம் முன்னால் இருக்கும், அதாவது ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். இடையில் பிலிமின் வளைவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பாடுகிறவரின் வாயும் பாட்டும் பிரிந்துவிடும். லேத் பாஸ் செய்து தந்த பித்தளைத் தட்டில் ஹெட்டை வைத்து, பக்கத்துத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு இடத்தில் மூடிக் கிடந்த சத்தம் சட்டென்று திறந்தது. தாளத்தின் சிலீர் ஒலி, பாடகியின் மூச்சு, எல்லாம் வந்தன. பெட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அந்த நிமிடத்தில் ஐயாவின் கேள்வி எனக்கு ஞாபகமே வரவில்லை.

புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஸ்கோப்பிட்டோனின் சொந்த ஹெட் என்றைக்காவது கிடைத்தால் இதை நானே கொண்டுவந்து பூட்டித் தருவேன் என்றேன். "சரி தம்பி" என்றார். நம்பிச் சொன்னாரா, பேச்சை முடிக்கச் சொன்னாரா, தெரியவில்லை. பென்டிரைவைப் பற்றிக் கேட்டேன். பேத்தி போனில் போட்டுக் காட்டினாளாம். "நல்லாத்தான் கேக்குது. ஆனா படத்தோட வரலையே" என்றார். படத்தையும் சேர்த்துப் பதிந்து தருகிறேன் என்றேன், தந்தும் விட்டேன். ஆனால் அவர் சொன்னது நான் பெட்டிக்காரரிடம் நீளமாகக் கதைத்த அதே கதை. நான் சொன்னபோது அது தொழில் தர்மமாக இருந்தது. அவர் சொன்னபோது ஒரு முதியவரின் ஆசை என்று எடுத்துக்கொண்டேனா? அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பெட்டிக்காரரிடம் சந்தேகமே இல்லாமல் கதைத்த எனக்கு, ஐயாவின் விஷயத்தில் இத்தனை நியாயம் எதற்குத் தேவைப்பட்டது என்று விளங்கவில்லை.

போன மாதம் பெட்டிக்காரர் அழைத்தார். பிலிம் உரச உரச ஹெட் தேயும் என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. ஸ்பெயராக இன்னொன்று தேடி வையுங்கள் என்றார். தேடுகிறேன், ஆனால் ஏற்கெனவே நின்றுபோன மெஷினில் இருந்து மட்டும்தான் எடுப்பேன் என்றேன். அவருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நின்றுபோன மெஷினில் நல்ல ஹெட் கிடைக்குமா என்பது வேறு விஷயம். கிடைத்தால் அது முதலில் ஜிந்துப்பிட்டிக்குத்தான் போக வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.