நீதிபோதனை பீரியடில் நீதி பற்றிப் பேசினோம்

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நீதிபோதனை பீரியட் நினைவிருக்கும். டைம் டேபிளில் வாரம் ஒருமுறை இருக்கும். பாடம் முடியவில்லை என்று கணக்கு சாரோ அறிவியல் டீச்சரோ பெரும்பாலும் அதை வாங்கிக்கொள்வார்கள். யாரும் வாங்காத வாரத்தில் ஒரு நீதிக்கதை, முடிவில் "ஆகவே மாணவர்களே" என்று ஓர் அறிவுரை. நான் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பின் நீதிபோதனை என் பொறுப்புக்கு வந்தபோது, கதையும் அறிவுரையும் சொல்வதற்குப் பதிலாகப் பிள்ளைகளையே கேள்வி கேட்கச் சொல்லி, அதைச் சேர்ந்து பேசிப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தேன். சில ஆண்டுகளாக அது தொடர்கிறது.

எனக்குத் தத்துவத்தில் பட்டம் கிடையாது. பி.எட். படிக்கும்போது கல்வியின் தத்துவ அடிப்படைகளைப் படித்தோம். ஜான் டூயி என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞரின் பெயரைப் பரீட்சைக்காக மனதில் வைத்துக்கொண்டோம். வேலைக்கு வந்தபிறகுதான் அந்தப் பெயர் எனக்கு உண்மையில் பயன்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த மாத்யூ லிப்மன், பிள்ளைகள் கல்லூரிக்கு வந்தபிறகு காரணம் சொல்லிச் சிந்திக்கப் பழக்குவது ரொம்பத் தாமதம் என்று நினைத்தார். 1960களின் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தத்துவக் கதைகள் எழுதத் தொடங்கினார். 1974இல் நியூஜெர்சியில் அதற்காகவே ஒரு நிறுவனம் அமைத்தார். முறை எளிது: ஒரு பகுதியை வாசிப்பது, அதிலிருந்து பிள்ளைகள் கேள்வி எழுப்புவது, ஒரு கேள்வியை அவர்களே தேர்ந்தெடுத்து வட்டமாக உட்கார்ந்து பேசுவது. லிப்மனுக்கு வேர் டூயிதான். அதே டூயியிடம்தான் 1913க்கும் 1916க்கும் இடையில் அதே கொலம்பியாவில் அம்பேத்கர் படித்தார். ஜனநாயகம் வெறும் ஆட்சிமுறை மட்டுமல்ல, மனிதர்கள் கூடி வாழும் முறை என்று அம்பேத்கர் பிற்பாடு எழுதியதில் டூயியின் குரல் கேட்கும். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். அரசியலமைப்பை மதித்து நடக்கும் ஒழுக்கம் இயல்பாக வருவதல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது. நம் மக்கள் இனிமேல்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். எங்கே கற்றுக்கொள்வது? பதினெட்டு வயதில் வாக்காளர் அட்டை கையில் வந்ததும் அது வந்துவிடாது. பள்ளியைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் பெஞ்சுகளை நகர்த்தினால் அதற்கே பாதி நேரம் போய்விடும். அதனால் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். ஒருவரை மறுத்துப் பேச வேண்டுமென்றால், அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் அவரே "ஆமா, அதான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திரும்பச் சொல்ல வேண்டும். எது சொன்னாலும் காரணத்தோடு சொல்ல வேண்டும். மனம் மாறினால் மாறிவிட்டதாகச் சொல்லலாம், அதற்காக யாரும் சிரிக்கக் கூடாது. கடைசியில் டீச்சர் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இதில் பிள்ளைகளுக்குக் கஷ்டமானது முதல் கட்டுப்பாடுதான். அடுத்தவர் பேசும்போது நாம் பெரும்பாலும் நம் பதிலைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறோம், பெரியவர்களும் அப்படித்தான். எதிராளி சொன்னதை அவருக்கே திருப்தியாகும்படி சொல்லிக்காட்ட வேண்டுமென்றால் காது கொடுத்தே ஆக வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

நமக்குப் பட்டிமன்றம் பழக்கமானது. பள்ளிகளில் பேச்சுப்போட்டிக்கும் குறைவில்லை. இரண்டையும் நான் மதிக்கிறேன், மேடைக்கூச்சம் போக அவை உதவும். ஆனால் பேச்சுப்போட்டியில் பிள்ளை பேசுவது பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை. பட்டிமன்றத்தில் ஓர் அணியில் உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து "எதிரணி சொல்வது சரிதான்" என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லக்கூடிய ஓர் இடம் பள்ளியில் எங்காவது இருக்க வேண்டாமா?

பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஆரம்பக் கேள்விகளில் ஒன்று கரும்பலகையைப் பற்றியது. டீச்சர் இல்லாத நேரத்தில் லீடர் எழுந்து, பேசினவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது எல்லாப் பள்ளியிலும் உண்டு. "லீடர் தன் பிரெண்ட் பேரை மட்டும் எழுதாம விட்டா யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று ஒரு பையன் கேட்டான். பேச்சு எங்கெங்கோ போனது. அந்த அதிகாரத்தை லீடருக்குக் கொடுத்தது யார்? டீச்சர். டீச்சருக்குக் கொடுத்தது யார்? பாடத்தில் சந்தேகம் கேட்டுப் பேசியதும் சினிமாக்கதை பேசியதும் போர்டில் ஒரே குற்றமா? பெயர் எழுதப்பட்டவன் தன் பக்கத்தைச் சொல்ல இடமே இல்லையே! அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதற்கு எல்லை எது, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச உரிமை உண்டா என்று பல நூற்றாண்டுகளாகச் சிந்தனையாளர்கள் மல்லாடிய கேள்விகளை அவர்கள் ஒரு சாக்பீஸிலிருந்து கிளப்பிவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று மூன்றையும் பிரித்து நடத்தும்போது வராத தெளிவு அன்றைக்கு வந்தது. எழுதுகிறவனே தண்டிக்கவும் கூடாது என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள்.

அப்புறம் உத்திரமேரூர். நம் சமூக அறிவியல் பாடத்தில் குடவோலை முறை வரும், நம் ஊர் ஜனநாயகத்தின் பழமைக்குச் சான்றாகப் பெருமையோடு நடத்துவோம். பெருமைப்பட வேண்டியதுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அந்த ஊரில் வெட்டிய கல்வெட்டுகளில் அந்த முறை இருக்கிறது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இன்றைக்குப் படித்தாலும் வியப்பாக இருக்கிறது. இந்தத் தடவை தகுதிகளையும் முழுதாக வாசிக்கச் சொன்னேன். வரி கட்டும் கால் வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதம் அறிந்திருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஒரு பெண் கேட்டாள்: "எங்க தாத்தாவோட தாத்தா பேரு அந்தக் குடத்துக்குள்ள போயிருக்குமா டீச்சர்?"

அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அந்தச் சபை பிராமணர் சபை. அவளுடைய முன்னோர் பெயர் போயிருக்காது. வகுப்பில் எந்தப் பெண்ணின் பாட்டி பெயரும் போயிருக்காது. "அப்படின்னா அது ஜனநாயகமா?" என்ற கேள்வியைப் பிள்ளைகள் விடவில்லை. கணக்குக் காட்டாதவனை ஒதுக்கிய விதி இன்றைக்கும் வேண்டும் என்று ஒரு பையன் வாதாடினான், அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு முறை சிறப்பாக இருந்தும் அதற்குள் யாரைச் சேர்த்தார்கள் என்பதில் அநீதி இருக்கலாம் என்று, இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். பெருமையை நான் அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. கண் திறந்து பெருமைப்படுவது எப்படி என்று பார்த்தோம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு நிலம், படிப்பு, சாதி, ஆண், பெண் எதையும் பார்க்காமல் ஆளுக்கொரு ஓட்டுக் கொடுத்ததன் கனம் அவர்களுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பேச்சுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. தகுதி எதுவும் வைக்காமல் எல்லார் பெயரையும் குடத்தில் போட்டு மாதம் ஒரு லீடரை எடுத்தால் என்ன என்று கேட்டார்கள். ஓட்டுப் போட்டால் எப்போதும் நன்றாகப் பேசுகிறவர்களே ஜெயிக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பழைய ஏதென்ஸில் ஐந்நூறு பேர் கொண்ட மன்றத்தைச் சீட்டுக் குலுக்கித்தான் அமைத்தார்கள். பதவிகளைக் குலுக்கலில் நிரப்புவது மக்களாட்சிக்கு உரியது, தேர்தல் சிலராட்சிக்கு உரியது என்று கருதப்படுவதாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அவர்கள் யோசனை சொன்ன பிறகுதான் சொன்னேன். இப்போது அந்த வகுப்பில் குலுக்கல் முறைதான். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பிள்ளை லீடரான மாதத்தில் வகுப்பு நன்றாகவே நடந்தது.

எல்லாக் கேள்வியும் இப்படி இதமாகப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் என்ன சாதி என்று காட்டக் கையில் கலர் கயிறு கட்டுவது உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியது உடன்படித்த மாணவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கலர் கயிறும் அதுபோன்ற அடையாளங்களும் அணிவதைத் தடுக்கச் சொன்னது. தடை வேண்டும் என்பதுதான் என் கருத்தும். ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்குள் அந்த எண்ணம் அப்படியே இருக்கும்போது தடை மட்டும் போதாது.

சாதியை நேரடியாக வட்டத்தின் நடுவில் வைக்க நான் துணியவில்லை. வைத்தால் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை எல்லார் முன்னாலும் தன்னை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அது கொடுமை. அதனால் "நான் போடுகிற ஓர் அடையாளம் எப்போது அடுத்தவருக்கு மிரட்டலாகிறது?" என்று கேட்டேன். கிரிக்கெட் ஜெர்சி, நடிகர் படம் போட்ட பனியன், கட்சிக் கரைவேட்டி என்று சுற்றிச் சுற்றிவிட்டுக் கயிற்றுக்கு அவர்களே வந்தார்கள். ஒரு பையன், "எங்க அண்ணன் கட்டிவிட்டது" என்றான். "அண்ணன் சொன்னா அது காரணம் ஆயிருமா?" என்று எதிரே இருந்தவன் கேட்டான். சண்டை வராமல், அவன் யோசித்து, "தெரியல. அடுத்த வாரம் சொல்லுதேன்" என்றான். அடுத்த வாரம் கயிறு கையில்தான் இருந்தது. ஆனாலும் காரணம் சொல்ல வேண்டிய விஷயம் என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது.

இங்கே என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் விவாதிக்கலாம் என்றால், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சமமா என்பதையும் விவாதத்துக்கு விடுவீர்களா என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். விட மாட்டேன். எல்லாரும் ஒரே தரையில் வட்டமாக உட்கார்ந்து, யார் சொன்னாலும் காரணத்தை மட்டும் பார்ப்போம் என்று தொடங்கும்போதே அந்தச் சமத்துவத்தை ஒப்புக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறோம். அதை உடைத்தால் பேச்சே நடக்காது. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவு அந்தத் தரையில்தான் நிற்கிறது.

இன்னொரு வாரம் கேரளத்து வழக்கு ஒன்றை எடுத்தோம். 1985இல் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாடப்படும்போது எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். தீர்ப்பைச் சொல்லாமல் கேட்டேன். முதலில் ஏறக்குறைய எல்லாரும் "நீக்கினது சரி" என்றார்கள். பிறகு ஒருத்தி, "எந்திரிச்சு நின்னாங்கல்லா? அது மரியாதை இல்லையா?" என்றாள். பாடினால்தான் மரியாதையா, வாயசைத்துக்கொண்டு மனதில் வேறு நினைத்தால் அது மரியாதையா, வற்புறுத்தி வாங்கினது மரியாதையா என்று நீண்டது. பலர் மாறினார்கள், சிலர் மாறவில்லை. கடைசியில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்ததையும், நம் மரபும் தத்துவமும் அரசியலமைப்பும் சகிப்புத்தன்மையைத்தான் சொல்கின்றன, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதியதையும் சொன்னேன். "கோர்ட் சொன்னாலும் நான் ஒத்துக்கல டீச்சர்" என்றான் ஒருவன். காரணம் சொன்னான், நல்ல காரணம்தான். அவனும் அந்தப் பெண்ணும் பேசிக்கொண்டே வகுப்புக்குத் திரும்பினார்கள்.

"இதனால மார்க் கூடுமா?" என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 48 பள்ளிகளில் நடத்திய ஆய்வின் 2015 அறிக்கை, வாசிப்பிலும் கணக்கிலும் சிறு முன்னேற்றம் என்றது. 2021இல் வந்த இன்னும் பெரிய ஆய்வில் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. எனவே மதிப்பெண் ஆசை காட்டி நான் யாரிடமும் இதற்கு அனுமதி கேட்பதில்லை. அரசியலமைப்பின் 51ஏ பிரிவைக் காட்டுகிறேன். 1976இல் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகளில் அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம் ஆகியவற்றோடு ஆராய்ந்து கேட்கும் உணர்வை வளர்ப்பதும் ஒன்று. பிள்ளைகள் வரிசை எண்ணோடு மனப்பாடம் செய்யும் அந்தக் கடமையைப் பழகிப் பார்க்க வாரத்தில் ஒரு பீரியட் கேட்பது அதிகமில்லை. பிரான்சில் தொழிற்கல்விப் பிரிவு தவிர மற்றவர்களுக்குப் பள்ளியின் கடைசி ஆண்டில் தத்துவம் கட்டாயம், தேர்வு நான்கு மணி நேரம். நல்லதுதான், ஆனால் எனக்கு அது தாமதமாகப் படுகிறது. எங்கள் ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளும் ஓட்டுப் போடப்போகிறவர்கள்.

பெற்றோர் பக்கம் வேறு விதமான கவலை. "வீட்டுல எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்கான் டீச்சர்" என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஓர் அம்மா குறைப்பட்டார். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். "நீங்க ஏன்னு கேட்டா அவன் சொல்லுதானா?" என்றேன். "சொல்லுதான்" என்று ஒப்புக்கொண்டார். அதே அம்மா பிறகு ஒரு கூட்டத்தில் தீர்மான நோட்டை நீட்டியபோது, "படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுதேன்" என்றார். படித்துக் காட்டினோம். கழிப்பறைக்குத் தண்ணீர் பற்றிய ஒரு வரியை அவர் சொன்னபடி மாற்றி எழுதினோம்.

இப்போது என் கவலை பொதுமாறுதல் கலந்தாய்வு. நான் வேறு பள்ளிக்குப் போனால் இந்தப் பீரியட் மறுபடி பாடம் முடிக்கப் போய்விடும். அதனால் சென்ற ஆண்டு வட்டத்தில் இருந்து இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள், இருவர் இருவராக எட்டாம் வகுப்பு வட்டத்தை நடத்துகிறார்கள். நானும் உட்கார்கிறேன். பேச வேண்டுமென்றால் மற்றவர்களைப் போலக் கை தூக்கிவிட்டுக் காத்திருக்கிறேன்.