உறையும் பிடியும் பிரியாத குறுவாள்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், என் வீட்டில் கத்தி கிடையாது. அலமாரியில் இருப்பது பழைய ஜப்பானியக் குறுவாளின் உறையும் கைப்பிடியும், உள்ளே இரும்பு அலகு இருக்க வேண்டிய இடத்தில் மரத்தில் செதுக்கிய அலகும். அதை ட்சுனாகி என்பார்கள். அங்கே நல்ல வாள் வைத்திருப்பவர்கள் அலகை வெறும் மர உறையில் தனியாக வைத்துவிட்டு, அலங்கார உறையையும் பிடியையும் ட்சுனாகியில் பூட்டி வைப்பது வழக்கம். நம் 1959 ஆயுதச் சட்டத்தில் வாளும் ஆயுதம்தான், உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. கப்பல் வேலையில் இருந்த எனக்கு இந்த வழிதான் சரிப்பட்டது.

இந்த வகைக் குறுவாளுக்கு வாகிஸாஷி என்று பெயர், ஒரு ஷாகுவுக்கு (ஜப்பானிய அடி) மேல் இரண்டு ஷாகுவுக்குள், அதாவது சுமார் 30 முதல் 60 செ.மீ. வரை நீளமுள்ள குறுவாள். பெரிய வாளும் சின்ன வாளும் ஜோடியாக இடுப்பில் செருகுவது சாமுராய்க்கு மட்டுமே இருந்த உரிமை. ஆனால் எடோ காலத்தில் (1603–1868) வியாபாரிகூடக் குறுவாள் வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் இதன் பிடியிலும் உறையிலும் அவ்வளவு ரசனை, அவ்வளவு பணம் இறங்கியிருக்கிறது. 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. அப்புறம் பிடியைப் பிரித்து, கைக்காப்புத் தட்டைத் தனியாக, பூணைத் தனியாக வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்றுத் தீர்த்தார்கள். ஒன்றுக்கொன்று என்று செய்த உறுப்புகள் எல்லாம் பிரியாமல் இன்றும் சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

எங்கள் பாட்டா பனையேறி. அவர் இடுப்பில் கட்டிய அருவாப்பெட்டியும் பாளை அருவாளும் அவர் போன பிறகும் ஒரே ஆணியில்தான் தொங்கின. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

பிடியைக் கையில் எடுத்தால் பட்டு நாடாவின் சாய்சதுர இடைவெளிகளில் வெள்ளை வெள்ளையாக அரிசிமணி போலத் தெரிவது திருக்கைத் தோல். ஆமாம், குளச்சலிலும் முட்டத்திலும் வலையில் விழுகிற அதே திருக்கை இனம்தான்! அந்த மணிகளில் பட்டு நாடா பிடித்துக்கொள்ளும், வியர்த்தாலும் கை வழுக்காது. இந்தத் தோலை சயாமிலிருந்து ஜப்பானுக்குக் கப்பலில் ஏற்றியது டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. 1641இல் நாகசாகியின் தெஜிமா தீவில் போய் உட்கார்ந்த அதே கம்பெனிதான் சரியாக நூறு வருடம் கழித்து, 1741இல், குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. தக்கலைக்குப் போகும் வழியில் உதயகிரிக் கோட்டையில், அந்தப் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டி லனாய் கல்லறையைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு இந்தத் தோல்தான் ஞாபகம் வருகிறது.

உறை மக்னோலியா மரம். இரண்டு பாதியையும் ஒட்டியிருப்பது சோற்றுப் பசையால், உள்ளே துரு சேர்ந்தால் மரம் சேதமாகாமல் பிளந்து சுத்தம் செய்யலாம் என்பதற்காக.

நான் முதலில் வாங்கியது ஏமாற்று. துறைமுகம் ஒன்றின் அருகே ஒரு கடைக்காரர் 'எல்லாம் அசல், ஒரே செட்' என்று சத்தியம் செய்தார், நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். கப்பலுக்குத் திரும்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், உறையின் பக்கவாட்டில் கொசுகா என்கிற சின்னக் கத்தியைச் செருகப் பள்ளம் இருக்கிறது, அதற்கு நேரே கைக்காப்புத் தட்டில் துளை இல்லை. துளை இல்லாமல் அந்தக் கத்தியை எப்படி வெளியே இழுப்பது? தட்டு வேறு ஏதோ ஒரு வாளுடையது. அன்றிலிருந்து பள்ளத்தையும் துளையையும் பார்க்காமல் நான் விலை கேட்பதில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

இரண்டாவது வாங்கியது அசல். பிடியின் வாய்ப்பூண், அடிக்குமிழ் இரண்டும் ஷகுடோ, செம்பில் கொஞ்சம் தங்கம் கலந்த உலோகம். முள்ளங்கித் துருவலில் தோய்த்து மருந்து நீரில் கொதிக்கவைத்தால் காக்காய் இறகு மாதிரி நீலம் ஓடும் கறுப்பு வரும். அந்தக் கறுப்புதான் அதன் அழகு. பூண் தளர்ந்து கழன்றதால் மேசை மேல் வைத்திருந்தேன். திருக்கார்த்திகைக்கு முந்தின நாள், அம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்.

"கறுத்துக் கெடந்துது மக்களே, நல்லா வெளக்கி வச்சிருக்கேன்."

செம்பு பளபளவென்று சிரித்தது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் கறுத்த செம்பை வேறு என்ன செய்வார்கள்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வருடம் பழக்கமான ஒருவர் அதே அளவில் கறுப்பு மாறாத பூண் ஒன்று தருவதாகச் சொன்னார், மாற்றிவிட்டால் விலையும் ஏறுமாம். வேண்டாம் என்றேன். இப்போது அந்தப் பிடியின் ஒரு முனை சிவப்பு, மறு முனை கறுப்பு. இரண்டும் ஒரே கொல்லன் கையில் பிறந்தவை, ஒரே பட்டு நாடாவுக்கு இரு பக்கமும் இருக்கின்றன.