கப்பல் இருக்கிறது, கடலைக் காணோம்

நூக்குஸ் நகரத்திலிருந்து வடக்கே 200 கிலோமீட்டர் போனால் மொய்னாக் வருகிறது. உஸ்பெகிஸ்தானின் கரகல்பக்ஸ்தான் பகுதி. ஒரு காலத்தில் ஆரல் கடலின் மீன்பிடித் துறைமுகம். ஊர் எல்லைப் பலகையில் இன்றும் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருக்கிறது.

முன்பு கரையாக இருந்த மேட்டிலிருந்து கீழே பார்த்தேன். மணலில் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள், துருவேறிக் கிடந்தன. படியிறங்கிப் போய் ஒன்றைத் தொட்டேன், கை சுட்டது. காலடியில் சிப்பிகள். நிழலுக்கு வேறு வழியில்லை, கப்பலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கடல் எங்கே என்று ஓட்டுநரிடம் கேட்டேன். வடமேற்கே கையைக் காட்டி, ஜீப்பில் அரை நாள் ஆகும் என்றார்.

பெயரில்தான் கடல். 1960-ல் ஆரல் உலகின் நான்காவது பெரிய ஏரி, சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகள்தான் அதற்குச் சோறு போட்டன. பருத்தி விளைவிக்க சோவியத் அரசு அந்தத் தண்ணீரை வாய்க்கால்களில் திருப்பியது. அதிலும் ஏராளம் வயலுக்குப் போகும் முன்பே மண்ணில் இறங்கிவிட்டது. ஏரியில் உப்பு ஏறியது, மீன் செத்தது. இங்கிருந்த மீன் டப்பா தொழிற்சாலையை மூடாமலிருக்க, பால்டிக் கடலிலிருந்தெல்லாம் மீன் கொண்டுவந்தார்கள் என்றால் பாருங்கள்!

என்னை உறுத்தியது வேறு. இதை விபத்து என்று சொல்லவே முடியாது. கடல் சுருங்கும் என்று திட்டம் போட்டவர்களுக்கே தெரியும். மீனைவிடப் பருத்தியில் லாபம் என்று கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். அந்தக் கணக்கில் காற்று வரவில்லை. வற்றிய தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் தூசியாகப் பறந்து ஊராரின் நெஞ்சுக்குள் போகிறது. அன்று பிற்பகல் காற்று கிளம்பியதும் ஓட்டுநர் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார். அதற்குள் என் உதட்டில் உப்புக் கரித்தது.

மணலைப் பிடித்து வைக்க சக்சவுல் செடிகள் நட்டு வருகிறார்கள். வடக்கே, கஜகஸ்தானில் 2005-ல் கோக் அரல் அணை கட்டி முடித்ததும் ஏரி வற்றியதில் அந்தப் பக்கம் தனியாகப் பிரிந்து நின்ற சின்ன ஆரலில் தண்ணீர் ஏறியது, மீனும் திரும்பியது. மொய்னாக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் பருத்தி வயல். இறங்கிப் படம் எடுத்தேன். ஒரு பருத்திச் சட்டைக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று கணக்குச் சொல்வார்கள். நான் போட்டிருந்ததும் பருத்திதான். எந்த ஊர்ப் பருத்தியோ என்று காலரைத் திருப்பிப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து எழுத்தே அழிந்துபோயிருந்தது.