பாயான் பாருவில் ஒரு முற்றம்

பிளான் வரைபவர் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை டேப் போட்டு அளந்தார். தலைக்கு மேலிருந்த தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இனி கெனா ரோபோ" என்றார். இந்தத் தகரத்தில் ரோபோ எங்கே வந்தது என்று நான் முழித்தேன். அத்தையின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்த பிறகுதான் விஷயம் நல்லதில்லை என்று உறைத்தது. மலாயில் ரோபோ என்றால் இடிவது, இடிப்பது. "இதை இடிக்கணும்" என்கிறார் மனிதர். அது மறைந்த மாமா தன் கையால் போட்ட கூரை.

தென்காசியிலிருந்து கல்யாணமாகி மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிற இந்த பாயான் பாருவுக்கு வந்து ஆறு வருடமாகிறது. இவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பகலில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது என் பங்கு. எனக்கு மலாய் சொல்லிக்கொடுத்தது பாடப் புத்தகம் அல்ல, விண்ணப்பப் படிவங்கள். லுலுஸ் என்றால் அனுமதி கிடைத்துவிட்டது. சாகாரான் என்றால் முன்பணமாகக் கட்டி வைப்பது. உபா சுவாய் என்றால் வீட்டை மாற்றிக் கட்டுவது. மீன் வாங்கத் தெரியாத மலாயில் வீடு இடிக்கத் தெரியும் எனக்கு.

எங்களுடையது இருபது அடி அகல வரிசை வீடு, மாடியோடு. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீடுகளோடு பொது. குளியலறை மாடியில், அத்தைக்கு முழங்கால் வலி. கீழே இருக்கிற அடுப்படியை அவருக்கு அறையாக்கிவிட்டு, பின்னால் பத்தடி முற்றத்தில் புது அடுப்படியும் ஒரு குளியலறையும் கட்டிவிடலாம் என்று யோசித்தோம். சாதாரண ஆசைதான்.

ஊரில் இதற்கு யார் இவ்வளவு யோசிப்பார்கள்? எங்கள் தெருவில் பாதி வீட்டு மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். காசு வரும்போது மேலே எழுப்பிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது. அனுமதி என்று ஒன்று அங்கேயும் உண்டு. கொத்தனார் வந்த பிறகு அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

முதலில் வந்த கொன்ட்ரெக்டரும் அந்த மாதிரிதான் பேசினார். "பின்னாடிதானேக்கா, யாரு பார்க்கப் போறா? ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்." இவர் முன்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டார். அடுத்த தெருவில் பாதி எழுந்த சுவர் ஒன்றில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். அதனால் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, இங்கே 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சாலை, வடிகால், கட்டடம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சட்டம். அதன் 70ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. இருக்கிற வீட்டை நீட்டுவதும் அதற்குள் அடங்கும். மீறினால் அபராதம் மட்டுமல்ல, கட்டியதை இடிக்கச் சொல்லவும் வழி இருக்கிறது. பினாங்கு மாநிலத்தில் நாங்கள் இருப்பது தீவுப் பகுதி என்பதால் எங்களுக்கு மாநகர் மன்றம்; அதன் அலுவலகம் இருக்கிற கொம்தார் கோபுரத்தை நோக்கி பஸ் ஏறினேன்.

கேட்ட தாள்களை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நிலப்பட்டா நகல், ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், வீட்டு வரி கட்டிய ரசீது, படங்கள். வீட்டு வரி இங்கே வருடத்துக்கு இரண்டு தவணை. ஒரு தவணை பாக்கி இருந்தாலும் முதலில் அதைக் கட்டிவிட்டு வரலாம் என்பார்கள் என்று இவருடைய நண்பர் சொல்லி வைத்திருந்ததால் தப்பித்தோம். பிளானை நாமே வரைந்து கொடுக்க முடியாது. மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்தவர் வரைந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் இந்த ரோபோ மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவர் சொன்ன விஷயம்தான் என் கணக்கையெல்லாம் கலைத்தது. முற்றம் முழுவதையும் கட்டிவிட்டால், அத்தையின் அறைக்கு வெளிச்சுவரே கிடையாது. முன்னால் ஹால், பின்னால் புது அடுப்படி, இரண்டு பக்கமும் அடுத்தவர் வீடு. ஜன்னலை எங்கே வைப்பது? 1984இல் வந்த கட்டடத் துணைவிதிகள் ஒவ்வொரு அறைக்கும் தரைப்பரப்பில் குறைந்தது 10 சதவீத அளவுக்கு வெளிச்சம் வரும் ஜன்னல் கேட்கின்றன. அதில் காற்று தடையில்லாமல் வர 5 சதவீதம் திறக்க வேண்டும். கழிவறைக்கும் 0.2 சதுர மீட்டராவது ஜன்னல் வேண்டும். டியூப்லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் என்றெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். அவர் பென்சிலால் முற்றத்தின் ஒரு மூலையில் கட்டம் போட்டார். இந்த இடத்தை வானத்துக்கு விட்டுவிடுங்கள் என்றார். இரண்டு மாடி வரைக்கும் இருக்கிற வீட்டில் அந்தத் திறப்பு குறைந்தது 7 சதுர மீட்டர், எந்தப் பக்கம் அளந்தாலும் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. ஏர்வெல் என்பார்கள். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் நடுவில் மழை விழுமே, அதேதான்.

தென்காசியில் ஆச்சி வீட்டில் அதற்கு முற்றம் என்று பெயர். அந்த வீட்டை விற்று, ஜன்னலுக்குக் கொசுவலை போட்ட வீட்டில் வளர்ந்து, கடல் தாண்டி வந்த என்னிடம் ஒரு மலாய்க்காரர் துணைவிதியைக் காட்டி முற்றம் வை என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை.

"வீட்டுக்குள்ள மழை பெய்யணுமா? ஒங்க மாமா அதுக்குத்தானே கூரை போட்டாரு?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அந்தக் கூரைக்கு அனுமதி வாங்கவில்லை என்பதும் உண்மை. வீட்டின் பழைய பிளானில் அந்த இடம் வெறும் வெளி. கூரை வந்த பிறகு அடுப்படியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் எரிந்துகொண்டிருந்தது. அது தப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, பழகிவிட்டது.

அடுத்தது ஜிரான். அண்டை வீட்டார் என்று அர்த்தம். வலது, இடது, பின்வீடு மூன்று பேரிடமும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு வருடத்தில் நான் அவர்களுக்குத் தலையசைத்திருக்கிறேன், தீபாவளிக்கு முறுக்கு கொடுத்திருக்கிறேன். உட்கார்ந்து பேசியதில்லை. உண்மையைச் சொன்னால், பிளானைவிட இந்தத் தாளுக்குத்தான் பயந்தேன்.

மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் இடது வீட்டு அம்மா தேநீரும் குவே பலகாரமும் வைத்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். பேரன் மதியம் தூங்குவான், அந்த நேரம் சுவர் உடைக்காதே என்றார். பின்வீட்டுப் பெரியவர் தமிழர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளானை ஒரு பக்கம் விடாமல் படித்தார். கூரைத் தண்ணீர் எந்த லோங்காங்கில், அதாவது சாக்கடையில், விழும் என்று கேட்டார். நான் போனில் பிளான் வரைபவரைப் பிடித்துக் கொடுத்தேன். பத்து நிமிடம் பேசிவிட்டு, "சரிம்மா, சரியாத்தான் இருக்கு" என்று போட்டார்.

வலது வீட்டு சீன அங்கிளிடம் கடைசியாகப் போனேன். தாளைப் பார்த்ததும் சிரித்தார். பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: "உன் மாமனார் கூரை போட்டபோது என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. ஏணியைப் பிடிக்கச் சொன்னார். பிறகு பீர் வாங்கிக் கொடுத்தார்." இரண்டு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் தகரத்தை ஏற்றியிருக்கிறார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதாம், ஒழுகுகிறதா என்று பார்க்க இருவரும் கீழேயே நின்றார்களாம். அத்தைக்கே தெரியாத கதை. வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒழுகுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அனுமதி வர நான்கு மாதம் ஆனது. இடிபாட்டைப் போட ரோரோ தொட்டி வாசலில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. அங்கிளுக்காகச் சீனப் புத்தாண்டு வாரம் நாங்களாகவே நிறுத்தி வைத்தோம். கொன்ட்ரெக்டர் முகம் கோணினார், முதலில் வந்தவர் அல்ல, இவர் வேறு ஆள். வீடு பெரிதானதால் வரியும் ஏறலாம் என்று என் வீட்டுக்காரர் இப்போதே முணுமுணுக்கிறார்.

கூரையைக் கழற்றிய அன்று அத்தை மாடியை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே மெதுவாகப் படியிறங்கி வந்திருக்கிறார். அடுப்படியில் லைட் போடாமல் காப்பி கலந்துகொண்டிருந்தார். ஸ்விட்சை நான் தொட்டதும், "எதுக்கு? தெரியுதுல்ல" என்றார்.

தகரத்தைத் தொட்டியில் போடும்போது அங்கிள் வந்து நின்றார். துருப்பிடிக்காத இரண்டு தகடு வேண்டும், முன்வாசலில் ஆர்க்கிட் தொட்டிகளுக்கு மேலே போட என்றார். "பெர்மிட் இருக்கா அங்கிள்?" என்றேன். அவர் சட்டைப்பையில் தடவி ஒரு பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார்.