லெர்விக் உல்லன் கடை மர்மக் கதை: மஃப்ளர் தடயத்தைப் பின்னிப் பார்த்ததில்

கதைக்களம் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் உள்ள லெர்விக் நகரம். மக்கள்தொகை சுமார் 7,000. உல்லன் கடை நடத்தும் பெண்மணி இறந்து கிடக்கிறார். அவர் ஊசியில் பாதி பின்னிய மஃப்ளர், அதில் ஒரே ஒரு வரிசையில் மோர்ஸ் குறியீடு (எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாகக் குறிக்கும் முறை). இதை எழுதும் முன் ஊசியில் ஏற்றிப் பார்ப்பது அவசியம். இவ்வகைக் கதைகளைத் தேடிப் படிப்பவர்களில் பின்னல் தெரிந்தவர்கள் நிறைய. ஒரு கண்ணி (ஊசியில் விழும் ஒரு வளையம்) பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நூல்: ஷெட்லாந்து இரண்டு புரி, 25 கிராம் உருண்டையில் 115 மீட்டர். ஊசி 3.25 மி.மீ. 10 செ.மீ.க்கு 28 கண்ணி. நிறம் வெளிர் சாம்பல். கருநீலத்தில் செய்தியைக் காட்டும் மேடுகள் கண்ணுக்கே தெரிவதில்லை. பல நிற இழை கலந்த நூலும் அப்படித்தான்.

வழவழப்பாகத் தெரியும் நிட் கண்ணிகளின் தளத்தின் மேல், சிறு மேடாக எழும் பர்ல் கண்ணிகளே எழுத்து. புள்ளிக்கு 1 பர்ல், கோட்டுக்கு 3 பர்ல். ஒரே எழுத்துக்குள் இடைவெளி 1 நிட், எழுத்துகளுக்கு நடுவே 3 நிட். செய்தி ‘ஃபெர்ரி’ (கடல் கடக்கும் படகு), ஆங்கிலத்தில் எஃப், இ, ஆர், ஆர், ஒய். எழுத்துகள் முறையே 9, 1, 7, 7, 13 கண்ணி, நடுவே நான்கு இடைவெளிகளுக்கு 12. ஆக 49.

ஓரம் சுருளாமல் இருக்க இருபுறமும் 5 கண்ணி மாஸ் பின்னல் (நிட், பர்ல் மாறிமாறி வருவது) வேண்டும். செய்திக்கும் ஓரத்துக்கும் நடுவே 3 நிட் மட்டும் விட்டால் போதாது: மாஸ் பின்னலின் இரண்டு மேடுகள் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்து ‘ஐ’ என்ற எழுத்தாகிவிடும். 7 நிட் விட்டால் குழப்பம் இல்லை. மொத்தம் 73 கண்ணி, அகலம் 26 செ.மீ.

கதையின் உயிர் அடுத்த விஷயத்தில்தான் இருக்கிறது. நேர்ப்பக்க வரிசை (வெளியே தெரியும் பக்கம் நம்மைப் பார்க்கப் பின்னுவது; அடுத்தது துணியைத் திருப்பிப் பின்னும் பின்பக்க வரிசை) வலமிருந்து இடமாக வளரும். எஃப் முதலில் பின்னப்படுவதால் அது வலது ஓரத்தில் நிற்கும். மேசையில் விரித்து இடமிருந்து வலமாகப் படிப்பவருக்குக் குறியீடு கடைசியிலிருந்து முதலாகக் கிடைக்கும். ஒய் திரும்பினால் க்யூ; ஆர், இ திரும்பினாலும் மாறாது; எஃப் திரும்பினால் எல். வருவது க்யூ, ஆர், ஆர், இ, எல். உயிரெழுத்தைச் சுருக்கி எழுதிய ‘குவாரல்’ என்று எடுத்துக்கொண்டு, கடைக்காரருடன் சண்டை போட்டவரைப் போலீஸ் தேடத் தொடங்கும். இவ்வளவு கச்சிதமான பொய்த் தடம் வலிந்து செய்தாலும் வராது!

எந்தத் திசையில் படிப்பது என்பதற்குச் சான்று மஃப்ளரிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஊகம்தான். நேர்ப்பக்கம் நம்மைப் பார்க்க, உருண்டைக்குப் போகும் நூல் வலது ஓரத்தில் தொங்கினால் கடைசி வரிசை பின்பக்க வரிசை. ஊசியில் உள்ள கண்ணிகளை 1 என்று வைத்துக் கீழே எண்ணினால் இரட்டைப்படை எல்லாம் நேர்ப்பக்க வரிசைகள். இங்கே ஒரு பொறி உண்டு. பர்ல் மேடு அந்தக் கண்ணியின் அடியில் விழும். மேட்டையே தனி வரிசையாக எண்ணினால் ஒன்று கூடி, விடை அப்படியே புரண்டுவிடும். மேட்டுக்கு மேலே இருக்கும் கண்ணியைத்தான் எண்ண வேண்டும். செய்தி பின்பக்க வரிசையில் பின்னப்பட்டிருந்தால் நேர்ப்பக்கத்தில் இடமிருந்து வலமாக ஒழுங்காகவே படிக்கலாம், புதிரே இருக்காது.

கொலையாளி நூலை அறுத்து ஊசியை உருவிவிட்டால்? பெண்மணிக்கு ஒரு கைப்பழக்கம் கொடுக்கலாம்: பின்பக்க வரிசையில் பர்ல் போடும்போது நூலை ஊசியில் எதிர்த்திசையில் சுற்றுவது. அடுத்த நிட் வரிசையில் அந்தக் கண்ணிகளை முன்காலில் (ஊசிக்கு முன்னால் இருக்கும் இழையில்) குத்தி எடுத்தால் அவை முறுக்கிக்கொண்டு, அடியில் கால்கள் குறுக்காகப் போகும். ஒன்றுவிட்டு ஒரு வரிசை முறுக்கியிருக்கும்; முறுக்கியவை எல்லாம் பின்பக்க வரிசைகள். வட்ட ஊசியில் சுற்றிப் பின்னும் தொப்பியில் பர்ல் வரிசையே இல்லாததால் இந்த அடையாளம் கிடைக்காது. மஃப்ளரைத் தேர்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நூலின் எடையைத் தடயமாக்கும் யோசனை கைவிடப்பட்டது. ஒரு கிராம் என்பது 4.6 மீட்டர், அதாவது ஐந்தாறு வரிசை. ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசில் ஒற்றை வரிசை தெரியாது.

மஃப்ளரைக் கதையில் யாரும் நனைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறினால் ஷெட்லாந்து உல்லன் பூத்துப் பரவி, ஒற்றைப் பர்ல் புள்ளிகளை மூடிவிடும்; கோடுகள் மட்டும் மிஞ்சும். படிக்கும் காட்சிக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தால் நிழல் விழாது, மேடும் தெரியாது.

உண்மையான உளவு வேலையில் இப்படி எழுத்தெழுத்தாகப் பின்னுவது மிக மெதுவான வழி. 1944 மே மாதம் நார்மண்டியில் பாராசூட்டில் இறங்கிய பிரிட்டிஷ் உளவாளி ஃபிலிஸ் லாட்டூர், குறியீடுகள் அச்சிட்ட பட்டுத் துணியைப் பின்னல் ஊசியில் சுற்றித் தலைமுடி கட்டும் நாடாவுக்குள் மறைத்து வைத்திருந்தார். அங்கிருந்து 135 செய்திகள் அனுப்பினார். ஆனால் சாகும் தறுவாயில் கையில் ஊசி மட்டும் இருக்கும் ஒருவருக்கு ஒரு வரிசை சாத்தியம். கண்ணி எண்ணிக்கொண்டே போனாலும் 73 கண்ணிக்குச் சில நிமிடங்கள்தான்.

அடுத்து தீர்க்க வேண்டியது எந்த ஃபெர்ரி என்பது. லெர்விக்கிலிருந்து இரவு முழுக்கக் கடலில் ஓடி அபர்டீன் போகும் கப்பலும் உண்டு, எதிரே சில நிமிடங்களில் பிரெஸ்ஸே தீவைத் தொடும் படகும் உண்டு.